மாறும் பருவமும் மக்களைக் காக்கும் சட்டமும்



வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சின் பொருளைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்டு இறுதி மழை தொடங்குவதற்கு முன்பே தகரக் கூரையில் ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் அடைத்துக் கிடக்கும் இலை தழைகளை வாரிப் போடுவோம். அரிசி வாளியையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களையும் உயரமான இடத்தில் எடுத்து வைப்போம். வருவதை அறிந்து அதற்கு ஏற்ப நம்மைத் தயார்படுத்திக்கொள்கிறோம்.

ஒரு குடும்பம் தன் வீட்டுக்காகச் செய்யும் இந்தக் காரியத்தை ஒரு நாடு தன் மக்களுக்காகச் செய்ய வேண்டாமா? செய்யத் தவறினால் அதை யார் கேட்பது? வெள்ளத்துக்குக் காரணம் நாமல்லாமல் வேறு யாரோவாக இருந்தால் அணை கட்டும் செலவை யார் கொடுப்பது? இந்தக் கேள்விகளுக்கு உலக நாடுகள் சட்டத்தின் மூலம் விடை தேடிய வரலாற்றைத்தான் இன்றைய உரையில் காணப்போகிறோம்.

இரண்டு வேலைகள்

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. சுமார் இருநூறு ஆண்டுகளாக மனிதர்கள் நிலக்கரியையும் எண்ணெயையும் பெருமளவில் எரித்து வருகிறார்கள். அதிலிருந்து வெளியேறும் கரியமில வாயு வானத்தில் சேர்ந்து, பூமியின் வெப்பம் வெளியே போகாதபடி போர்வை போலத் தடுக்கிறது. அதனால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்ததைவிட, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் பூமியின் சராசரி வெப்பம் சுமார் 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது. 1901-க்கும் 2018-க்கும் இடையில் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. பெருமழையும் கடும் வெயிலும் அடிக்கடி வருகின்றன. இதைத்தான் பருவநிலை மாற்றம் என்கிறோம்.

இந்த நிலையில் மனிதன் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. அடுப்பில் பால் பொங்கினால் என்ன செய்வோம்? ஒரு கையால் தீயைக் குறைப்போம். மறு கையால் பொங்கி வழியும் பால் சிந்திப் பிள்ளைகளின் மேல் படாமல் பார்த்துக்கொள்வோம். புகையைக் குறைப்பது முதல் வேலை. ஏற்கெனவே வந்துவிட்ட மாற்றத்திலிருந்து மக்களைக் காப்பது இரண்டாவது வேலை. கடலோரத்தில் சுவர் எழுப்புவது, ஆற்றின் கரையை உயர்த்துவது, வறட்சியைத் தாங்கும் பயிர்களைக் கண்டுபிடிப்பது, வெள்ள எச்சரிக்கை கொடுப்பது, வெயிலில் உழைப்பவருக்கு நிழலும் தண்ணீரும் ஓய்வும் தருவது ஆகியவை எல்லாம் இரண்டாவது வேலையைச் சேர்ந்தவை. இதற்குத் 'தகவமைப்பு' என்று பெயர்.

உலகச் சட்டம் நெடுங்காலம் முதல் வேலையைப் பற்றியே பேசியது. இரண்டாவது வேலை பின்னால் தள்ளப்பட்டது. அதற்குக் காரணங்கள் இருந்தன. தகவமைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் புகையைக் குறைக்கும் முயற்சி தளர்ந்துவிடும் என்று சிலர் அஞ்சினார்கள். செலவுக் கணக்கு தங்கள் தலையில் விழும் என்று பணக்கார நாடுகள் அஞ்சின. ஆனால் தண்ணீர் வாசற்படிக்கு வந்துவிட்ட நாடுகளால் காத்திருக்க முடியவில்லை.

சிறிய நாடுகளின் குரல்

1987-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மாலத்தீவின் தலைநகரான மாலேயைப் பேரலைகள் தாக்கின. அந்நாட்டின் பெரும்பாலான நிலம் கடல் மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் மௌமூன் அப்துல் கயூம் ஐக்கிய நாட்டுப் பொதுச் சபையில் எழுந்து தம் நாட்டின் நிலையை எடுத்துரைத்தார். கடல் உயர்வதற்கு மாலத்தீவு மக்கள் காரணமல்லர், ஆனால் அழிவு முதலில் வருவது அவர்களுக்குத்தான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1988-ஆம் ஆண்டில் மால்டா என்னும் மற்றொரு சிறு நாடு முயற்சி எடுத்ததன் பயனாக, பருவநிலை மனித குலம் முழுவதற்கும் பொதுவான கவலை என்று பொதுச் சபை தீர்மானம் நிறைவேற்றியது.

இந்த வரலாற்றில் நம் மலேசிய மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. 1989-ஆம் ஆண்டு அக்டோபரில் காமன்வெல்த் தலைவர்களின் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அப்போது தலைவர்கள் லங்காவித் தீவில் கூடிச் சுற்றுச்சூழல் பற்றி வெளியிட்ட அறிக்கைக்கு 'லங்காவி பிரகடனம்' என்று பெயர். உயரும் கடலிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளத் தாழ்வான நாடுகளும் தீவு நாடுகளும் செய்யும் முயற்சிக்குத் துணை நிற்போம் என்று அதில் உறுதி கூறினார்கள். அடுத்த மாதமே சிறு நாடுகள் மாலேயில் கூடி, கடல் மட்ட உயர்வைப் பற்றித் தனி மாநாடு நடத்தின. 1990-ஆம் ஆண்டில் சிறு தீவு நாடுகளின் கூட்டணி உருவாயிற்று.

அந்தக் கூட்டணி 1991-ஆம் ஆண்டில் துணிவான ஒரு யோசனையை முன்வைத்தது. பசிபிக் கடலில் உள்ள வனுவாட்டு நாடு கூட்டணியின் சார்பாக அதை எழுதிக் கொடுத்தது. தொழில் வளம் மிக்க நாடுகள் தங்கள் செல்வத்துக்கும் வெளியேற்றும் புகைக்கும் தக்கபடி ஒரு நிதியில் பணம் கட்ட வேண்டும். கடல் உயர்வால் நிலம் இழக்கும் நாடுகளுக்கு அந்த நிதியிலிருந்து இழப்பீடு தர வேண்டும். காப்புறுதிக்கு நாம் சந்தா கட்டுவது போன்ற ஏற்பாடு. அந்த யோசனை அன்று ஏற்கப்படவில்லை. காப்புறுதி என்ற ஒரு சொல் மட்டும் உடன்படிக்கையில் இடம் பெற்றது. ஆனால் விதைத்த விதை வீண் போகவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

1992-ஆம் ஆண்டின் உடன்படிக்கை

1992-ஆம் ஆண்டு மே மாதம் ஐக்கிய நாட்டுப் பருவநிலை உடன்படிக்கை நிறைவேறியது. ஜூன் மாதத்தில் பிரேசிலின் ரியோ நகரில் கூடிய உலகத் தலைவர்கள் அதில் கையொப்பமிட்டனர். 1994-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. மலேசியாவும் அதே ஆண்டு ஜூலையில் அதை உறுதிப்படுத்தியது.

இந்த உடன்படிக்கையின் 4-ஆம் விதி நாம் நினைவில் கொள்ளத்தக்கது. மாறும் பருவநிலைக்கு ஏற்பத் தங்களைத் தகவமைத்துக்கொள்ளும் திட்டங்களை எல்லா நாடுகளும் வகுத்து நடைமுறைப்படுத்த வேண்டும் என்று அது கூறுகிறது. மிகவும் பாதிக்கப்படக்கூடிய வளரும் நாடுகளுக்கு அதற்கு ஆகும் செலவில் வளர்ந்த நாடுகள் உதவ வேண்டும் என்றும் கூறுகிறது. பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, ஆனால் எல்லாருடைய பொறுப்பும் ஒரே அளவு அல்ல என்பது இதன் அடிப்படை நெறி. ஒரு லயத்தில் பத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. கால்வாயைத் துப்புரவு செய்வது பத்துப் பேருக்கும் பொது வேலைதான். ஆனால் குப்பையை அதிகம் கொட்டியவரும் கை வலுவுள்ளவரும் கூடுதலாக உழைக்க வேண்டும் அல்லவா? அந்த நியாயமே இது.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. எவ்வளவு உதவி, எந்த நாளுக்குள், யார் மூலம் என்ற கணக்கு எதுவும் அதில் இல்லை. தொகை எழுதாத காசோலை போன்ற வாக்குறுதி அது.

அந்தத் தொகையை எழுத வைக்கும் போராட்டமே அடுத்த முப்பது ஆண்டுகளின் வரலாறு. 1997-ஆம் ஆண்டில் ஜப்பானின் கியோத்தோ நகரில் ஒரு நெறிமுறை உருவானது. பணக்கார நாடுகள் ஏழை நாடுகளில் புகை குறைக்கும் திட்டங்களைத் தொடங்கி, அந்தக் குறைவைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள அது வழி செய்தது. இப்படிப் பெறும் வரவில் நூற்றுக்கு இரண்டு பங்கைத் தகவமைப்பு நிதிக்காக எடுத்து வைப்பது என்று முடிவாயிற்று. யாருடைய தயவையும் எதிர்பார்க்காமல் தானாகவே நிதிக்கு வந்து சேரும் பணம் என்பதே அதன் சிறப்பு. 2001-ஆம் ஆண்டில் மொரோக்கோவின் மராகேஷ் நகரில், மிக ஏழை நாடுகளுக்கென்று ஒரு தனி நிதி அமைந்தது. எந்த வேலை மிக அவசரம் என்று அந்நாடுகளே பட்டியல் தயாரிக்கவும் ஏற்பாடாயிற்று. 2009-ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகனில், 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி அமெரிக்க டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் வாக்களித்தன. அந்தத் தொகை இரண்டு ஆண்டு தாமதமாக, 2022-இல்தான் எட்டப்பட்டது.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் பாரிஸ் ஒப்பந்தம் நிறைவேறியது. அதன் 7-ஆம் விதி முழுவதும் தகவமைப்பைப் பற்றியது. புகை குறைப்போடு தகவமைப்புக்கும் உரிய இடம் கிடைத்தது அங்கேதான். ஒவ்வொரு நாடும் தகவமைப்புத் திட்டம் தீட்டிச் செயல்பட வேண்டும் என்று அந்த விதி கூறுகிறது. எளிதில் பாதிப்படையும் மக்களையும் சமூகங்களையும் கருத்தில் கொண்டு அந்த வேலை நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மலேசியா 2016-ஆம் ஆண்டு நவம்பரில் இதை உறுதிப்படுத்தியது. இழப்பும் சேதமும் பற்றிய 8-ஆம் விதியும் ஒப்பந்தத்தில் உண்டு. ஆனால் இழப்பீடு கோர அது அடிப்படை ஆகாது என்று உடன் வந்த தீர்மானத்தில் எழுதி வைத்தார்கள். வனுவாட்டுவின் பழைய கோரிக்கை இன்னொரு முறை வாசலில் நிறுத்தப்பட்டது.

நாடுகள் இயற்றிய சட்டங்கள்

உலக உடன்படிக்கை என்பது அரசாங்கங்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். அது ஊருக்குள் வந்து சேர வேண்டுமானால் நாட்டுச் சட்டம் வேண்டும்.

பிரிட்டன் 2008-ஆம் ஆண்டில் பருவநிலை மாற்றச் சட்டத்தை இயற்றியது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை நாட்டுக்கு வரவிருக்கும் ஆபத்துகளை அரசு கணக்கெடுத்து நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும், பின்னர் அவற்றைச் சமாளிக்கும் திட்டத்தையும் வெளியிட வேண்டும் என்பது அதன் கட்டளை.

நம் பக்கத்து நாடான பிலிப்பைன்ஸ் 2009-ஆம் ஆண்டில் தன் சட்டத்தை இயற்றியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு புயல் மணிலாவைப் பெருவெள்ளத்தில் ஆழ்த்தியிருந்தது. 2012-ஆம் ஆண்டில் அந்நாடு 'மக்கள் வாழ்வாதார நிதி' என்ற ஒன்றையும் சட்டப்படி உருவாக்கியது. ஆண்டுக்குக் குறைந்தது 100 கோடி பேசோ அதில் இருக்க வேண்டும். நகராட்சிகளும் ஊர் அமைப்புகளும் தங்கள் ஊரைக் காக்கும் திட்டத்தை எழுதிக் கொடுத்து அதிலிருந்து பணம் கேட்கலாம். தொடக்க ஆண்டுகளில் அந்தப் பணம் ஊர்களுக்கு மெதுவாகத்தான் போய்ச் சேர்ந்தது. விதிகளுக்கு ஏற்ப விண்ணப்பம் எழுதுவது சிறிய ஊர்களுக்கு எளிதாக இல்லை. சட்டம் கதவைத் திறந்தாலும் உள்ளே போகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

நீதிமன்றத்துக்குச் சென்ற விவசாயி

சட்டமும் திட்டமும் இருந்தும் அவை அலமாரியில் தூங்கினால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பாகிஸ்தானில் ஒரு விவசாயி விடை கண்டார்.

அவர் பெயர் அஸ்கர் லெகாரி. பஞ்சாப் மாநிலத்தின் தெற்கில் உள்ள ரஹீம் யார் கான் மாவட்டத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பாகிஸ்தானில் 2010-ஆம் ஆண்டு பெருவெள்ளம் வந்தது. தண்ணீர் ஓர் ஆண்டு மிதமிஞ்சி வந்தது, மறு ஆண்டு போதவில்லை. பயிர் செய்பவனுக்கு எதையும் நம்ப முடியாத நிலை. அரசாங்கம் 2012-ஆம் ஆண்டில் பருவநிலைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதை நடைமுறைப்படுத்த 2014 முதல் 2030 வரையிலான செயல் திட்டத்தையும் வகுத்தது. செய்ய வேண்டிய வேலைகள் என்று 734 இனங்கள் அதில் இருந்தன. தாளில் எல்லாம் நேர்த்தியாக இருந்தது. வயலில் ஒன்றும் நடக்கவில்லை.

2015-ஆம் ஆண்டில் லெகாரி லாகூர் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவர் பணம் கேட்கவில்லை. புதிய சட்டமும் கேட்கவில்லை. "நீங்களே எழுதிய திட்டத்தை நீங்களே ஏன் செய்யவில்லை?" என்பதுதான் அவருடைய கேள்வியின் சாரம். பருவம் மாறித் தண்ணீரும் உணவும் இல்லாமல் போனால், அரசியலமைப்புச் சட்டம் தந்திருக்கும் உயிர் வாழும் உரிமைக்கு என்ன பொருள் என்று அவர் கேட்டார்.

வழக்கை விசாரித்தவர் நீதிபதி சையது மன்சூர் அலி ஷா. அவர் அமைச்சுகளின் அதிகாரிகளை அழைத்து விசாரித்தார். சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் எதையும் அவர்களால் காட்ட முடியவில்லை. அரசின் காலதாமதமும் மெத்தனமும் குடிமக்களின் அடிப்படை உரிமைகளைப் பாதிக்கின்றன என்று 2015 செப்டம்பரில் நீதிபதி கூறினார். ஒவ்வொரு துறையும் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும், எந்த வேலையை எப்போது முடிக்கப் போகிறோம் என்று பட்டியல் தர வேண்டும் என்று ஆணையிட்டார். அது நடக்கிறதா என்று கண்காணிக்க, மூத்த வழக்கறிஞர் பர்வேஸ் ஹசன் தலைமையில் ஓர் ஆணைக்குழுவையும் அமைத்தார்.

2018-ஆம் ஆண்டு ஜனவரியில் கணக்குப் பார்த்தபோது, முதன்மையான வேலைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நடந்திருந்தது. இடையில் 2017-ஆம் ஆண்டில் பாகிஸ்தான் தனியாகப் பருவநிலை மாற்றச் சட்டம் ஒன்றையும் இயற்றியது. ஒரு குடிமகன் கேட்ட கேள்வி ஓர் அரசாங்கத்தை எழுப்பி உட்கார வைத்தது.

அதனால் பாகிஸ்தானின் துன்பம் தீர்ந்துவிடவில்லை. 2022-ஆம் ஆண்டு வெள்ளத்தில் 3 கோடியே 30 லட்சம் மக்கள் பாதிக்கப்பட்டார்கள். 1,700-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஒரு நாடு தன் கடமையைச் செய்தாலும் தனியாகத் தாங்க முடியாத சுமை உண்டு என்பதை உலகம் அப்போது கண்டது. அதே ஆண்டு நவம்பரில் எகிப்தில் நடந்த மாநாட்டில், இழப்புக்கும் சேதத்துக்கும் என்று தனி நிதி அமைக்க உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. 1991-இல் வனுவாட்டு எழுதிக் கொடுத்த யோசனையின் ஒரு பகுதி 31 ஆண்டுகள் கழித்து உயிர் பெற்றது.

கடற்சுவரும் கல்லறைகளும்

ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூகினிக்கும் இடையில் டோரஸ் நீரிணை உள்ளது. அங்கே போய்கு, பொருமா, வாரபர், மாசிக் என்னும் சிறு தீவுகளில் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். கடல் நீர் உள்ளே புகுந்து அவர்களுடைய தோட்டங்களைக் கெடுத்தது. முன்னோர்களைப் புதைத்த இடங்களும் அழிந்தன. கடற்சுவர் கட்டித் தரும்படி பல ஆண்டுகள் கேட்டும் வேலை தாமதமாயிற்று. எட்டுப் பேர் தங்கள் பெயரிலும், ஆறு பிள்ளைகளின் சார்பிலும் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் 2019-இல் முறையிட்டார்கள்.

2022 செப்டம்பரில் குழுவின் முடிவு வெளியானது. அம்மக்களைக் காக்கப் போதிய தகவமைப்பு நடவடிக்கைகளைக் காலத்தில் எடுக்கத் தவறியதால், அவர்களுடைய வீட்டு வாழ்வுக்கான உரிமையையும் பண்பாட்டு உரிமையையும் ஆஸ்திரேலியா மீறிவிட்டது என்று அக்குழு கூறியது. இழப்பீடு தரவும் அறிவுறுத்தியது. சுவர் கட்டத் தாமதிப்பதும் உரிமை மீறலே என்று உலக அமைப்பு ஒன்று சொன்னது ஒரு பெரிய திருப்பம். இந்தக் குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. ஆனாலும் அதன் சொல்லைப் பிற நாட்டு நீதிமன்றங்களும் எடுத்துப் பார்க்கின்றன.

அடுத்த திருப்பம் மாணவர்களால் வந்தது. 2019-ஆம் ஆண்டில் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் சிலர், பருவநிலை பற்றி நாடுகளுக்கு உள்ள கடமை என்ன என்று உலக நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும் என்று இயக்கம் தொடங்கினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச் மாதம் ஐ.நா. பொதுச் சபை அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் ஹேக் நகரில் உலக நீதிமன்றம் ஒருமனதாகத் தன் கருத்தை வெளியிட்டது. பருவநிலையைக் காப்பதும் மக்கள் தகவமைத்துக்கொள்ள நடவடிக்கை எடுப்பதும் சட்டக் கடமை என்றும், கடமையை மீறும் நாடு அதற்குப் பரிகாரம் செய்ய நேரலாம் என்றும் அது கூறியது. இது ஆலோசனைக் கருத்து என்பதால் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆயினும் உலகின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்ன சொல்லை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

நம் நாட்டில்

இனி நம் வீட்டுப் பக்கம் வருவோம். மலேசியா வெள்ளத்தை அறியாத நாடல்ல. 1926-ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றி நம் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் இருப்பீர்கள். 1932-ஆம் ஆண்டில் வடிகால் நீர்ப்பாசன இலாகா அமைந்தது. 1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கிய பிறகு, வெள்ளத் தடுப்புக்கென்று நிரந்தர ஆணைக்குழு ஏற்பட்டது. 2014 டிசம்பரில் கிளந்தான் பெருந்துன்பம் கண்டது. 2015-இல் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் அமைக்கப்பட்டது. 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான், உலு லங்காட், மெந்தகாப் முதலிய இடங்கள் நீரில் மூழ்கின. அந்த மழைக்காலத்து வெள்ளச் சேதம் 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் ஓர் அமைப்பு பிறந்திருக்கிறது. வெள்ளத்துக்கு முன்பே பிறப்பதுதான் அரிதாக இருந்திருக்கிறது.

பருவநிலை பற்றி 2009-ஆம் ஆண்டில் தேசியக் கொள்கை வந்தது. 2024-ஆம் ஆண்டில் அது புதுப்பிக்கப்பட்டது. கொள்கை என்பது அரசின் எண்ணம். அதைக் காட்டி நீதிமன்றத்தில் உரிமை கேட்பது கடினம். அதனால்தான் தனிச் சட்டம் வேண்டும் என்ற கருத்து வலுத்து, 2024-ஆம் ஆண்டில் சட்ட முன்வரைவுக்கான கலந்தாய்வுப் பத்திரத்தை அரசு வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. நம் அரசியலமைப்பின்படி நிலமும் ஆறும் காடும் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளவை. கூட்டரசு ஒரு சட்டம் போட்டாலும், மாநிலங்களின் ஒத்துழைப்பு இல்லாமல் ஒரு கால்வாயைக்கூட அகலப்படுத்த முடியாது.

தோட்டத்தில் உழைப்போருக்கு இன்று கையில் இருக்கும் சட்டம் எது? தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் ஒன்று. 1966-இல் தோன்றி, 1990-இல் புதிதாக எழுதப்பட்டு, 2019-இல் திருத்தப்பட்டது. குடியிருப்பைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைப்பதும், போதிய குழாய் நீர் தருவதும் முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. அதை இயற்றியவர்கள் பருவநிலை மாற்றத்தை நினைத்து இயற்றவில்லை. ஆனால் காற்றுக்கும் மழைக்கும் தாங்கும் கூரையைக் கேட்பதற்கு அதைவிட நேரான சட்டம் வேறு இல்லை.

மற்றொன்று 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். வெயிலில் வேலை செய்வோருக்கு நிழல், குடிநீர், ஓய்வு ஆகியவை பற்றிய வழிகாட்டியை அந்த இலாகா 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அது வழிகாட்டிதான், கட்டளை அல்ல. எனினும் 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்த திருத்தம் முக்கியமானது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. இடி மின்னலிலும் சரிந்து விழும் கரையிலும் வேலை செய்யும் நம் மக்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நேயர்களே, இந்த வரலாறு நமக்குக் கற்பிப்பது என்ன? சட்டம் தானாக வந்ததில்லை. கேட்டவர்கள் இருந்ததால் வந்தது. மாலத்தீவின் அதிபர் கேட்டார். டோரஸ் தீவு மக்கள் கேட்டார்கள். மாணவர்கள் கேட்டார்கள். ஒரு விவசாயி கேட்டார். அவர்களில் எவரும் பெரும் படையோ பெரும் பணமோ உடையவர் அல்லர். எல்லாருக்கும் உடனே வெற்றி கிடைக்கவுமில்லை. வனுவாட்டு 31 ஆண்டுகள் காத்திருந்தது.

அவர்கள் கேட்ட முறையையும் கவனிக்க வேண்டும். நடந்ததைத் தேதியோடு எழுதி வைத்தார்கள். தாங்கள் வாழும் இடத்தின் சேதத்தைச் சான்றோடு காட்டினார்கள். தனியாக நிற்காமல் கூட்டாக நின்றார்கள். நாமும் அப்படிச் செய்யலாம். இந்த ஆண்டு வெள்ளம் எந்த நாளில் எந்த அளவுக்கு வந்தது என்று சுவரில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அடைபட்ட கால்வாயைப் பற்றி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தால் ஒரு நகலை வீட்டில் வையுங்கள். படித்த பிள்ளைகள் இருந்தால் அவர்களை எழுதச் சொல்லுங்கள். தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். அலமாரியில் தூங்கும் திட்டத்தைத் தட்டி எழுப்புவதற்கு, ஒரு குடிமகனின் கேள்வியும் உதவும் என்று லாகூர் வழக்கு நமக்குக் காட்டியிருக்கிறது.

வானம் நம் கையில் இல்லை. கூரையும் கால்வாயும் கரையும் மனிதர் கையில் இருக்கின்றன. அவற்றைச் செய்ய வேண்டியவர் யார், செய்யத் தவறினால் எங்கே கேட்பது என்று தெரிந்துகொள்வதே இந்த உரையின் நோக்கம்.